இறுகிய தரையில் குதிரைச் சவாரி: உங்கள் அனுபவம் என்ன?

மழை பெய்து பல வாரம் ஆகி, வழக்கமாகப் போகும் மண்பாதை கல்லாக இறுகிவிட்டால் சிலர் குதிரையை வெளியே எடுக்கவே பயப்படுகிறார்கள். சிலர் எதுவும் மாறாதது போல விரட்டுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை என்பது என் எண்ணம். நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

நான் ஏறும் பெண் குதிரை நடையில் நன்றாகத்தான் வந்தது. ட்ராட்டுக்கு, அதாவது நடையைவிட வேகமான துள்ளோட்டத்துக்கு, மாற்றியதும் அடி குறுகிவிட்டது. பாதையின் நடுவில் விட்டால் ஓரத்துப் புல்லை நோக்கியே ஒதுங்கியது. இப்படி ஒதுங்கும்போது “முரண்டு பிடிக்கிறது” என்று உதைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். வலியைச் சொல்ல அதற்கு வேறு என்ன வழி இருக்கிறது? உடனே இறங்கி, கையில் பிடித்தபடி லாயம் வரை நடத்திக்கொண்டு வந்தேன்.

வந்ததும் முன்கால் குளம்புகள் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் சூடாக இருந்தது. குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்பக்கம் விரலை வைத்தால் நாடி தெரியும். நலமாக இருக்கும் குதிரையில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அன்றைக்கோ விரலை வைத்ததுமே துடித்தது. மருத்துவர் இடுக்கி போன்ற கருவியால் குளம்பை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளங்கால் கன்றிப்போயிருக்கிறது என்றார். ஓய்விலேயே சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் சவாரிக்கு முன்னும் பின்னும் அந்த நாடியைப் பார்க்காமல் விடுவதில்லை. குதிரையின் வழக்கமான துடிப்பு கைக்குப் பழகினால்தான் மாற்றம் தெரியும்.

முன்காலில் இந்தத் தொல்லை அதிகம் வரக் காரணம் உண்டு. நிற்கும்போதே உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்களில்தான் இருக்கிறது. முழு வேகத்தில் ஓடும்போது தரையில் ஊன்றும் ஒரே கால், உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசையைத் தாங்குகிறது. குளம்பு ஒவ்வொரு அடியிலும் சற்று விரிந்து கொஞ்சம் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மெத்தென்ற தரை மீதியை வாங்கும். தரை இறுகிவிட்டால் அந்த மீதி எலும்புக்கும் மூட்டுக்கும் போகிறது. இளங்குதிரைகளுக்கு முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் எலும்பு புடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் நடை எவ்வளவு நேரமானாலும் சரி. கடினத் தரையில் நிதானமாக நடத்துவது கால்களுக்கு நல்ல பயிற்சியும்கூட. ட்ராட் என்றால் சமமான இடத்தில் சிறிது தூரம் மட்டும், அதிலும் சேணத்தில் தொப்பென்று உட்காராமல் எழுந்தெழுந்து. ட்ராட்டைவிட வேகமான கேன்டர் ஓட்டம் மழை வரும்வரை காத்திருக்கட்டும்.

*

நீங்கள் எழுதச் சொன்னதால் நானும் சொல்கிறேன்: எனக்கு நேர்ந்தது வழுக்கல். தார்ச்சாலை, தேய்ந்து வழவழப்பான இரும்பு லாடம், ஒரு வளைவு. நடையில்தான் போனோம், இருந்தும் பின்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயின. கடிவாளத்தைத் தளர்த்தித் தலையை அதன் போக்குக்கு விட்டேன், அது தானே சமாளித்து நின்றது. அந்த நேரத்தில் தலையை இழுத்துப் பிடித்திருந்தால் இருவரும் விழுந்திருப்போம். கழுத்தையும் தலையையும் வைத்துத்தான் குதிரை தன்னை நிலைப்படுத்திக்கொள்கிறது.

அப்புறம் லாடம் அடிப்பவர் புது லாடத்தில் டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட சிறு ஆணிகளை வைத்தார். பெரிய ஆணியாகக் கேட்டேன், மறுத்துவிட்டார். கால் ஊன்றும்போது லேசாக நழுவி நிற்க வேண்டும், சட்டென்று பிடித்து நின்றால் அந்த முறுக்கு மூட்டில் ஏறும் என்றார். அவர் சொன்னது சரிதான்.

இன்னொன்று: நீண்ட வறட்சிக்குப் பின் முதல் மழை. மேலே மெல்லிய சேறு, அடியில் இறுகிய மண். இதைவிட மோசமான தரை கிடையாது. அன்று நான் ஏறவே மாட்டேன்.

*

விழுவது நாமும்தானே. இறுகிய தரையில் விழுந்த பிறகு என் ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் மாற்றிவிட்டேன். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தயவுசெய்து விலை பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

*

கடினம் என்பதைவிட மேடுபள்ளம்தான் எனக்குப் பயம். சேறாக இருந்தபோது பதிந்த குளம்புத் தடங்கள் அப்படியே காய்ந்துவிடும். அதன் விளிம்பில் கால் வைத்தால் குளம்பு ஒருபக்கமாகச் சாயும், தசைநார் இழுபடும். சமமான சாலையில் நடந்து வீங்காத கால், இப்படி ஒரு வயலைக் கடந்த மறுநாள் வீங்கியிருந்தது. குளிர்ந்த நீரை ஊற்றி ஓய்வு கொடுத்தேன், மருத்துவரையும் வரவழைத்துக் காட்டினேன். பயிற்சி மைதானம் என்றால் முதல் நாளே தண்ணீர் விட்டுக் கிளறிவிடலாம். வயலுக்கு அது முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். அந்தத் தரையில் நீள்கயிற்றில் கட்டிச் சிறு வட்டமாக ஓட விடுவதையும் நிறுத்திவிட்டேன்.

லாடமே இல்லாமல், குளம்புக்கு ரப்பர் காலணி மாட்டி ஓட்டுபவர்கள் இங்கே யாராவது உண்டா? சரளைக் கற்களில் அது எப்படி நிற்கிறது, குளம்புக்கு மேலே தோலை உரசுகிறதா என்று எழுதினால் உதவியாக இருக்கும்.