மாமியாரின் பாட்டியைத் தேடிய கதை

என் கணவரின் ஊர் ஒக்லஹோமாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. "என் பாட்டி சாக்டா" என்று மாமியார் சொல்லாத நாள் இல்லை. சாக்டா என்பது ஓர் அமெரிக்கப் பூர்வகுடி இனம். கையில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மகள் பிறந்த பிறகு, நானே தேட உட்கார்ந்தேன்.

முதலில் டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் அனுப்பினோம். அமெரிக்கப் பூர்வகுடி என்று ஏதோ ஒரு சதவீதம் வந்தது. எந்த இனம் என்று அது சொல்லாது; சாக்டா இனத்தின் அரசான சாக்டா நேஷன், உறுப்பினராகச் சேர்க்க அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அவர்கள் கேட்பது டாஸ் பட்டியலில் உள்ள ஒரு மூதாதையின் பெயர், அவரிலிருந்து நம்வரை ஒவ்வொரு தலைமுறையையும் கோத்துக் காட்டும் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள். அந்தப் பட்டியல் 1907 மார்ச்சில் மூடப்பட்டது. இனத்தின் பொது நிலத்தைத் துண்டு போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்க அமெரிக்க அரசு எடுத்த கணக்கு அது.

மூன்று மாதம் பாட்டியைப் புகுந்த வீட்டுப் பெயரில் தேடினேன். கிடைக்கவில்லை. 1902இல் அவருக்கு நான்கு வயதுதானே என்று ஒருநாள் உறைத்தது. உடனே தந்தையின் பெயருக்குத் தாவினேன். '-டபி' என்று முடியும் பெயர். சாக்டாக்களிடம் அடிக்கடி காணும் ஈறு. குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததால், ஐந்தாவது எழுத்துக்கூட்டலில்தான் அகப்பட்டது.

பட்டியலில் அந்தக் குடும்பத்துக்கான அட்டையின் நகலைத் திறந்தேன். தந்தை, தாய், மூன்று பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வயது, பால், இரத்தப் பங்கு (எவ்வளவு சாக்டா இரத்தம் என்ற கணக்கு). கடைசிப் பிள்ளையின் பெயர்மீது மட்டும் ஒரு கோடு. பக்கத்தில் முத்திரை: '1902 செப்டம்பர் 25க்கு முன் இறந்தவர்'. அந்தத் தேதியில் உயிரோடு இருந்தவர்களுக்கே நிலம் என்பது விதி. அதனால் குழந்தையை அடித்துவிட்டார்கள்.

பாட்டிக்கு ஒரு தம்பி இருந்தது மாமியாருக்குத் தெரியவே தெரியாது. அச்செடுத்துக் கொடுத்த தாளில் அந்தக் கோட்டை விரலால் தடவியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு குடும்ப பைபிளை எடுத்து வரச் சொல்லி, பாட்டியின் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் எழுதினார். சாக்டா நேஷனின் தலைமையகமான டூரன்ட்டிலிருந்து உறுப்பினர் அட்டை வந்தது இதற்கு ஏழு மாதம் கழித்து.

தேடுகிறவர்கள் அட்டையோடு நின்றுவிட வேண்டாம். விண்ணப்பக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் குடும்பத்தாரை விசாரித்த கேள்வி பதில்கள் அப்படியே இருக்கும்.

மறுமொழி

அக்கா, என் தோழியின் முன்னோரும் அதே டாஸ் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் 'விடுதலை பெற்றோர்' என்ற தனிப் பகுதியில். சாக்டாக்களிடம் அடிமைகளாக இருந்து, 1866 உடன்படிக்கையால் விடுதலை அடைந்த கறுப்பின மக்கள் இவர்கள். அந்த அட்டைகளில் இரத்தப் பங்குக்கு இடமே கிடையாது. 'யாருடைய அடிமை' என்று ஒரு கட்டம் இருக்கும். கொள்ளுப்பாட்டியின் தந்தை சாக்டா என்று தோழியின் வீட்டில் வழிவழியாகச் சொல்கிறார்கள். தாயின் நிறத்தைப் பார்த்த குமாஸ்தா அதைக் கேட்கவில்லை போலும். சாக்டா நேஷனின் 1983ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இரத்த வழியினரையே உறுப்பினராக ஏற்பதால் அவளுக்கு வழி அடைபட்டிருக்கிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. அந்தக் கட்டத்தில் இருந்த எசமானின் பெயரைப் பிடித்துக்கொண்டு, சாக்டாக்கள் முன்பு வாழ்ந்த மிசிசிப்பியின் பழைய சொத்துப் பத்திரங்களில் அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.