ரிவர்ஸ் ஹார்ன் அடித்த கம்ப்யூட்டர்

2001 கோடை. சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த பென்டியம் த்ரீ கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தது. ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல், கார் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். ரிவர்ஸ் கியர் போட்டதும் பாடுமே ஒரு ட்யூன், அதேதான். "இந்நேரத்துக்கு எதுக்குடா வண்டிய எடுக்கிறாரு பக்கத்து வீட்டு மாமா?" என்றாள் அம்மா. எட்டிப் பார்த்தால் மாமாவின் மாருதி வேன் உறை போட்டபடி நிற்கிறது. ட்யூன் மட்டும் நிற்கவில்லை.

அது கம்ப்யூட்டர் மேஜையிலிருந்து வருகிறது என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஸ்பீக்கரின் வால்யூமைக் குறைத்தேன், பாடியது. ஸ்பீக்கரை அணைத்தேன், பாடியது. ஒயரையே பிடுங்கினேன், அப்போதும் பாடியது. திறந்தால் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டை இருக்கிறதே, அந்த மாதிரி மெலிந்த குரல், சிபியூ பெட்டிக்குள்ளிருந்து. ஷட் டவுன் செய்ததும் அடங்கியது. காலையில் போட்டால் சாதுவாக ஓடும். மத்தியான வெயிலில் அரை மணி நேரம் தாங்காது, ஆரம்பித்துவிடும்.

வைரஸ் என்று வீட்டில் முடிவானது. அந்த வருடங்களில் கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் வைரஸ்தான். அப்பா ஆட்டோவில் ஏற்றி ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே நாள் முழுக்க ஓடவிட்டும் அது வாயே திறக்கவில்லை. இருந்தாலும், "ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் 98 புதுசா போட்டுட்டேன் சார், இனிமே வராது" என்று கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரியே வந்தது. கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்பாவுக்கு அப்புறம்தான் உறைத்தது.

டெலிட் கீயை அழுத்திப் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் ஆரம்ப மென்பொருள்) திரைக்குள் போனபோதுதான் வைரஸ் பேச்சுக்கு ஒரு முடிவு வந்தது. விண்டோஸ் இன்னும் ஏறவே இல்லை, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் எதுவும் வேலையைத் தொடங்கவில்லை, ஆனாலும் பாட்டு. அங்கே 'பிசி ஹெல்த் ஸ்டேட்டஸ்' என்று ஒரு பக்கம் இருந்தது. ஒரு வரியில் சிபியூவின் சூடு ஏறிக்கொண்டே போகிறது. இன்னொரு வரியில் ஃபேனின் வேகம்: 0.

பெட்டியைக் கழற்றினால், பிராசசர் மேலிருந்த குட்டி ஃபேன் தூசி திரண்டு அசையாமல் கிடந்தது. விரலால் தள்ளினால் அரைச் சுற்றோடு நின்றுவிடும். பிராசசரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியவில்லை. மறுநாள் கடை திறக்கிறவரை ஓட்டுவதற்கு அம்மாதான் வழி சொன்னாள். தூசியை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஃபேனின் நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடச் சொன்னாள். விட்டதும் ஃபேன் முக்கி முனகிச் சுற்ற ஆரம்பித்தது. பாட்டு நின்றது.

இதன் பூர்வீகம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவார்டு என்ற கம்பெனியின் பயாஸ் போட்ட மதர்போர்டுகளில் 1997 முதல் இப்படி ஓர் ஏற்பாடாம். சிபியூ ஃபேன் நின்றாலோ, பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் வோல்டேஜ் அளவு தவறினாலோ, பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் பீத்தோவனின் 'ஃபியூர் எலிஸ்' ஒலிக்கும். இல்லாவிட்டால் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு'. அந்த ஸ்பீக்கர் மதர்போர்டோடு நேராக இணைந்தது. சவுண்ட் கார்டு பக்கமே போகாது, அதனால் வால்யூமைத் திருகி ஒரு பிரயோஜனமும் இல்லை. கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு கிளாசிக்கல் இசை வாசிக்கிறதே என்று குழம்புகிறவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஒரு விளக்கக் குறிப்பே வெளியிட்டது.

இதை யோசித்த இன்ஜினியர் மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. ஆபத்து என்றால் கூச்சல் போட வேண்டும். 1810-ல் ஒரு மனிதர் பியானோவுக்கு எழுதியதை வாசித்துக் காட்டினால் யார் ஓடி வருவார்கள்? அதுவும் நம்ம ஊரில் அந்த ட்யூனை ரிவர்ஸ் கியருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று. இதைப் படித்தவர்கள் தங்கள் வீட்டு மர்மச் சத்தங்களைப் பற்றி எழுதியவை கீழே.

*

எங்கள் வீட்டில் பாட்டெல்லாம் இல்லை சார், ஒற்றைக் 'கீச்'தான். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் வரும். காரைக்குடியில் பழைய வீடு, பல்லிக்குப் பஞ்சமில்லை. அப்பத்தா பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லுக்குப் பலன் போட்டிருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திசை பார்த்தார். எப்போதும் ஒரே மூலை, ஒரே இடைவெளி. "பல்லி இம்புட்டு ஒழுங்கா சொல்லாதேப்பா" என்று அவரே சொன்னதும்தான் மேஜைக்கு அடியில் குனிந்தேன். யூபிஎஸ், கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்கும் பெட்டி! பேட்டரி போய்விட்டது என்று அது கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துச் சத்தத்தைத் தேடுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். கரண்ட் போனால் யூபிஎஸ் அடங்காது, பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருக்கிறவரை இன்னும் அதிகமாகக் கத்தும். உள்ளே இருந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி விலாப் பக்கம் உப்பிப்போய் வெளியே வரவே மாட்டேன் என்றது. அப்படி உப்பியதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். எங்கள் எலெக்ட்ரீஷியன் மூடியை முழுசாகக் கழற்றி, தகட்டை விலக்கி, அப்புறம்தான் தூக்கினார்.

*

என் மகளுக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது. "கேம் மெனு வந்தா கொய்ங்குனு ஒரு சத்தம்ப்பா, விளையாட ஆரம்பிச்சா குறைஞ்சிடுது" என்பாள். வயது ஏற ஏற மேல்ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகும், அதனால் அவள் காதை நம்பியே தேடினோம். பழைய காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பெட்டிக்குள் அங்கங்கே காட்டினாள். ஃபேன் இல்லை, எஸ்எம்பிஎஸ் இல்லை, கிராஃபிக்ஸ் கார்டு!

கார்டில் இருக்கும் குட்டிக் காயில்களின் வழியே மின்சாரம் ஏறி இறங்கும்போது அவை அதிரும். மெனுவில் வரைவதற்கு ஒன்றும் இல்லாததால் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கில் ஃபிரேம்களை, அதாவது திரைக்கான படங்களை, கொட்டித் தள்ளுகிறது, அங்கேதான் அதிர்வு காதுக்குக் கேட்கும் அளவுக்கு வருகிறது. செட்டிங்ஸில் 60 ஃபிரேம் என்று கட்டுப்படுத்தியதும் போய்விட்டது என்கிறாள். போயிருக்கும், எனக்கு அப்போதும் கேட்கவில்லை.

*

ஸ்பீக்கர் பக்கத்தில் செல்ஃபோன் வைத்தால் 'டிட்டிடிட் டிட்டிடிட்' என்று வருமே, அதை யாரும் சொல்லவில்லையே! பழைய 2ஜி ஃபோன் நொடிக்கு சுமார் 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்பும், ஸ்பீக்கர் ஒயர் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். அழைப்பு வரும்போது ஸ்பீக்கருக்குத்தான் முதலில் தெரியும், ஃபோன் அப்புறம்தான் அடிக்கும். ஹாஸ்டலில் ஜூனியர் பையன்களிடம், "உனக்கு இப்ப ஃபோன் வரும் பாரு" என்று பந்தயம் கட்டி எத்தனையோ டீ குடித்திருக்கிறேன். 3ஜி வந்ததும் அந்த வரும்படி நின்றுபோனது.