பிரான்சில் மான் வேட்டை: புதுச்சேரியிலிருந்து புறப்படுவோர் கவனத்துக்கு

பிரான்சில் குடியேறப்போகும் எங்கள் முத்தியால்பேட்டைப் பிள்ளைகள் சிலர், அங்கே மான் வேட்டைக்கு எந்த மாதம் ஏற்றது, எந்தக் காடு நல்லது என்று கேட்பதால், பல பருவங்கள் அந்தக் காடுகளில் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்துவிட்டதால், நம்மில் யாருக்கும் இதில் பழக்கம் கிடையாது. ஆகவே துப்பாக்கிக்கு முன் மானைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இரண்டு வகைகளை. நம் வெள்ளாட்டின் அளவே உள்ள ‘ஷெவ்ரேய்’ ஒன்று. ஆண் 150 கிலோவைத் தாண்டக்கூடிய ‘செர்ஃப்’ என்னும் செம்மான் மற்றொன்று. பொதுவான பருவம் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி இறுதியில் முடிகிறது. தொடங்கும் நாள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். உரிய அனுமதி பெற்றவர்கள் ஷெவ்ரேயை ஜூன் 1 முதலே பதுங்கியிருந்து சுடலாம். ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது இணை சேரும் காலமாதலால், ஆண் மான் பகலிலும் வெளியே திரியும். என் அனுபவத்தில் அதைவிட நல்ல நேரம் இல்லை. செம்மானுக்கு அந்தக் காலம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை.

சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து மறைவுக்கு ஒரு மணி நேரம் பின்பு வரை சட்டம் அனுமதிக்கிறது. அந்தத் தொடக்கமும் முடிவுமே மான் மேய வரும் வேளைகள். காடு முடிந்து வயல் தொடங்கும் ஓரத்தில், உங்கள் வாடை மானுக்கு எட்டாதபடி, காற்று உங்கள் முகத்தில் படுமாறு நில்லுங்கள். என் முதல் பருவத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பல விடியல்களில் ஒரு மானையும் காணாமல் திரும்பினேன்.

இடத்தைப் பொறுத்தவரை, நடுப் பிரான்சின் பேர்போன சொலோஞ் காடுகளுக்கு ஆசைப்பட வேண்டாம். அங்கே செலவு மிக அதிகம். நிலத்தின் உரிமையாளர் இசையாமல் எங்கும் வேட்டையாட முடியாது. கிழக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஊராட்சிகளே வேட்டை உரிமையை ஒன்பது ஆண்டுக் குத்தகைக்கு விடுகின்றன. உங்கள் ஊரின் வேட்டைச் சங்கத்தில் சேருவதே சரியான வழி. தேர்வெழுதி ‘பெர்மி’ என்னும் வேட்டை உரிமம் பெறுவதற்கு முன்பே, பயிற்சி முடித்து, அனுபவமுள்ள ஒருவருடன் ஓராண்டு வேட்டையாடும் வசதி உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். கூட்டு வேட்டையில் செம்மஞ்சள் மேலுடை கட்டாயம். நின்ற இடத்திலிருந்து பக்கத்து வேட்டைக்காரரை நோக்கி ஐந்து தப்படி, அங்கிருந்து நேர் முன்னே மூன்று தப்படி வைத்து ஒரு குச்சியை ஊன்றுவார்கள். அந்தக் குச்சிக்கும் அவருக்கும் இடையில் ஒருபோதும் சுடக்கூடாது. வீழ்ந்த மானின் காலில், உங்களுக்குச் சுட அனுமதித்த மான்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தரப்படும் எண்ணிட்ட வளையத்தைப் பூட்டாமல் அதை அங்கிருந்து நகர்த்துவது குற்றம்.

முதல் செப்டம்பரில் துப்பாக்கியில்லாமல் ஷாம்போர் அரண்மனைக் காட்டுக்குப் போங்கள். 32 கிலோமீட்டர் மதிலுக்குள் இருக்கும் அந்தக் காட்டில், பொதுமக்கள் நின்று பார்ப்பதற்கென்றே இடங்கள் உண்டு. இருட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்து, ஆண் செம்மானின் உறுமலைக் காது கொடுத்துக் கேளுங்கள். நம் ஊர் மார்கழியை விடக் குளிரும், கம்பளிச் சட்டையை மறக்காதீர்கள்.