ஜே-லீக்: 10 கிளப் 60 ஆனது எப்படி?

கேள்வி: கார்னர்கொடி

ஜப்பானின் கால்பந்து லீக்கான ஜே-லீக் 1993 மே மாதம் 10 கிளப்புகளோடு தொடங்கியது. இன்று ஜே1, ஜே2, ஜே3 என மூன்று பிரிவு, பிரிவுக்கு 20 வீதம் 60 கிளப். ஜிக்கோ, லினேக்கர், லிட்பார்ஸ்கி போன்ற நட்சத்திரங்கள் வந்ததால்தான் வளர்ந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் 1994-ல் ஆட்டத்துக்குச் சராசரியாக 19,000-க்கு மேல் வந்த கூட்டம், 1997-ல் 10,000 அளவுக்கு இறங்கிவிட்டது. அப்போதே படுத்திருக்க வேண்டிய லீக் எப்படி எழுந்தது? புது கிளப் சேர என்ன நிபந்தனை, பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே சிக்கல்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வலதுவிங்

நட்சத்திரங்கள் கொண்டுவந்தது முதல் இரண்டு மூன்று வருடக் கூட்டத்தை மட்டும்தான். லீக்கைத் தாங்கிப் பிடித்தது ஊர்.

1965 முதல் அங்கே இருந்தது கம்பெனி அணிகளின் லீக். அதை மாற்றியவர் ஜே-லீக்கின் முதல் தலைவர் கவாபுச்சி சபுரோ. கிளப்பின் பெயரில் கம்பெனி பெயர் கூடாது, ஊர்ப் பெயர் வேண்டும், உள்ளூர் நிர்வாகம் கூட நிற்க வேண்டும், சிறுவர் அணிகள் நடத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார். யோமியுரி பத்திரிகைக் குழுமம் தன் பெயரை வெர்தி அணியோடு சேர்க்கச் சொல்லி வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது. அவர் இறங்கி வரவில்லை.

காஷிமாவைப் பாருங்கள். சுமிதோமோ மெட்டல்ஸ் உருக்காலை இருந்த, 45,000 பேர் அளவுக்கே மக்கள்தொகை கொண்ட சின்ன ஊர். "உங்களுக்கு வாய்ப்பே இல்லை, கூரை போட்ட 15,000 இருக்கை கால்பந்து மைதானம் கட்டினால் பார்க்கலாம்" என்ற பொருளில் கவாபுச்சி கைவிரித்தார். இபராகி மாகாண நிர்வாகம் உண்மையிலேயே கட்டிவிட்டது! 1993 மே 16 அன்று அங்கே நகோயாவை 5-0 என்று வென்றார்கள், ஜிக்கோ ஹாட்ரிக். அதன் பிறகு ஜே-லீக் பட்டத்தை அதிகம் வென்றதும் அந்தச் சின்ன ஊர்தான்.

பதில் 2: பாதிநேரம்

சரிவைப் பற்றி. பொருளாதாரம் படுத்ததும் தாய் நிறுவனங்கள் கையை விரித்தன. 1998 அக்டோபரில் பணம் போட்டு வந்த கட்டுமான நிறுவனமான சாதோ கோக்யோ விலக, யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் அணியை அதே ஊரின் மாரினோஸ் அணியோடு இணைப்பதாக அறிவித்தார்கள். ஃப்ளூகல்ஸ் 1999 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நாக்அவுட் போட்டியான எம்பரர்ஸ் கோப்பையை வென்றது. அதுதான் அதன் கடைசி ஆட்டம். ரசிகர்களே சேர்ந்து யோகோஹாமா எஃப்சி என்ற புது கிளப்பைத் தொடங்கி, 2007-ல் முதல் பிரிவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஒரே நிறுவனத்தின் சட்டைப்பையை நம்பினால் என்ன ஆகும் என்று லீக்குக்கு அப்போது உறைத்தது. 1999-லேயே ஜே2 தொடங்கியது. சின்ன ஊர்களுக்குக் கதவு திறந்தது அதில்தான். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பார்த்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: புது ஊர் உள்ளே வர உரிமத்தொகை கட்டி இடம் வாங்குவதில்லை, கீழ்ப் பிரிவிலிருந்து ஆடி ஏற வேண்டும்.

பதில் 3: புல்தரை

ஆடி ஏறினால் மட்டும் போதாது. 2013 சீசனிலிருந்து கிளப் உரிமம் இருக்கிறது. விளையாட்டு, மைதானம், நிர்வாக ஆட்கள், சட்டம், நிதி என்று ஐந்து பகுதி. ஏ வகை விதி தவறினால் உரிமமே கிடையாது, பி வகை தவறினால் தண்டனை, சி வகை பரிந்துரை மட்டும்.

மைதானம் ஜே1-க்கு 15,000 பேர், ஜே2-க்கு 10,000 பேர் கொள்ள வேண்டும். விளக்கு வெளிச்சம் சராசரி 1,500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வேண்டும். பி வகையில், 1,000 பார்வையாளருக்கு 5 மேற்கத்தியக் கழிப்பறை, ஆண்களுக்கு 8 சிறுநீர்க்கலம் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். மழையில் நனைந்து, கழிப்பறைக்கு வரிசையில் நின்ற குடும்பம் அடுத்த வாரம் வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நிதியில் தொடர்ந்து மூன்று வருடம் நஷ்டம் என்றாலோ, கடன் சொத்தை மிஞ்சினாலோ உரிமம் போகலாம். கொரோனா காலத்தில் மட்டும் இதைத் தளர்த்தினார்கள். இதில் ஓட்டையும் உண்டு. பற்றாக்குறையைத் தாய் நிறுவனம் விளம்பரக் கட்டணம் என்று நிரப்பி, அதைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்கலாம். பேஸ்பால் அணிகளுக்கு 1954 முதல் இருந்த இந்த வரிச் சலுகை ஜே-லீக்குக்கும் பொருந்தும் என்று 2020-ல் வரித்துறை உறுதி செய்தது.

கார்னர்கொடி

நன்றி. நன்றாக ஆடும் அணியையே இந்த மைதான விதி தடுத்துவிடாதா?

பதில் 4: வலதுவிங்

தடுத்திருக்கிறது. கிட்டாக்கியூஷு 2014-ல் ஜே2-வில் ஐந்தாவது இடம், ஆனால் மைதானம் சின்னது, ஜே1 உரிமம் இல்லை. 15,000 இருக்கையோடு புது மைதானம் 2017-ல் திறந்தபோது அணி ஜே3-க்கு இறங்கியிருந்தது. வீரர்களின் நல்ல காலம் கட்டடத்துக்காகக் காத்திருக்காது. இந்த விதியில் கொடுமையான பகுதி இதுதான். மச்சிதா வேறு மாதிரி. 2018-ல் நான்காம் இடம் பிடித்தும் உரிமம் இல்லை. சைபர்ஏஜென்ட் நிறுவனம் கிளப்பை வாங்கியது, மைதானமும் விரிவடைந்தது, 2023-ல் ஜே2 பட்டம், 2024-ல் ஜே1-ல் மூன்றாம் இடம்.

பதில் 5: பாதிநேரம்

பணம் பற்றி: 2017-ல் இணைய ஒளிபரப்பு நிறுவனமான டசோனோடு 10 வருடத்துக்குச் சுமார் 21,000 கோடி யென் ஒப்பந்தம். ஒளிபரப்பு உரிமையை லீக் மொத்தமாக விற்றுப் பகிர்கிறது. அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பட்டம் வென்றவருக்கு மூன்று வருடத்தில் 155 கோடி யென் கூடுதல் பங்கு என்று வைத்தார்கள். உராவா கிளப்பின் ஆண்டு வருமானம் 2023-ல் 1,000 கோடி யென்னைத் தாண்டியது.

கூட்டத்துக்கு நீகாடா நல்ல உதாரணம். 2002 உலகக் கோப்பைக்குக் கட்டிய 42,000 இருக்கை மைதானத்தை நிரப்ப, தெருச் சங்கங்கள் வழியாக இலவச டிக்கெட் கொடுத்தார்கள். 2003-ல் ஜே2-வில் இருந்தபடியே சராசரி 30,000-ஐத் தாண்டியது. தெருவுக்குத் தெரு கொடுத்ததால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து வந்தார்கள். ஜே1 முழுவதற்கும் சராசரி 20,000-ஐத் தாண்ட 2019 ஆயிற்று.

அடுத்த சோதனையும் இந்த நீகாடா போன்ற பனி ஊர்களுக்குத்தான். 2026 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பா போல ஆகஸ்டில் தொடங்கி அடுத்த கோடையில் முடியும் சீசன். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை இடைவெளி விட்டாலும், பயிற்சிக்குக் கூரை போட்ட மைதானமும் தரையைச் சூடாக்கும் வசதியும் இல்லாத கிளப்புகள் குளிர்காலத்தைத் தெற்கில்தான் கழிக்க வேண்டும். தங்கும் செலவு, பயணச் செலவு எல்லாம் அவர்கள் தலையில். லீக் அதற்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.