கடற்கரை ஓவியத்தில் ஆட்கள் ஒட்டிவைத்ததுபோல் தெரிகிறார்கள், உதவி தேவை

கேள்வி: பந்திங் மாணவி

வணக்கம். ரொமாண்டிக் காலத்துக் (பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கம்) கடல் ஓவியங்கள், அதிலும் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் தீட்டியவை என்றால் எனக்கு உயிர். அந்தப் போக்கில் மோரிப் கடற்கரையின் அந்தி நேரத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டி வருகிறேன். நீர் வற்றிய ஈர மணல், பெரிய வானம், முன்னால் கடலைப் பார்த்தபடி என் பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும், தூரத்தில் ஒரு தம்பதி. வானமும் கடலும் நன்றாக வந்துவிட்டன. ஆட்கள்தான் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறார்கள். பாட்டியின் சேலை நல்ல சிவப்பு; ஓரங்கள் கூர்மை. தம்பதியின் தலை அடிவானத்துக்கு வெகு கீழே இருக்கிறது. மழைக்காலமாதலால் வானத்து வண்ணம் இன்னும் பிசுபிசுக்கிறது. அதன்மேல் தீட்டலாமா?

பதில்: ஓவிய ஆசிரியர், தெலுக் இந்தான்

அம்மா, சிக்கல் அந்தத் தம்பதியிடமே தொடங்குகிறது. மணலில் நின்று பார்த்தால் அடிவானம் உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். அதே மணலில் உங்கள் உயரமுள்ளவர் எவ்வளவு தள்ளி நின்றாலும் அவர் கண்ணும் அந்தக் கோட்டில்தான் வரும். தூரம் கூடக் கூடப் பாதம்தான் மேலேறும். மேட்டிலிருந்து பார்த்தால் எல்லாருடைய தலையும் கோட்டுக்குக் கீழே போகும். ஒரே படத்தில் இரண்டையும் கலந்தால் கண் நம்பாது.

அடுத்தது ஒளி. மோரிப்பில் சூரியன் கடல் பக்கம் இறங்குகிறது. நமக்குத் தெரிவது பாட்டியின் முதுகு, அதாவது நிழல் பக்கம். அங்கே பளிச்சென்ற சிவப்புக்கு இடமில்லை. சிவப்பில் சிறிது பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும் வானத்துக்கு இட்ட நீலமும் கலந்து மங்க வையுங்கள். தோளிலும் கொண்டையிலும் மெல்லிய ஒளிக்கோடு போதும். நிழல் நம்மை நோக்கி நீளும். ஈர மணலில் பிரதிபிம்பம் பாதத்துக்கு நேர் கீழே இறங்கும். சேலையின் கீழ் ஓரத்தை உலர்ந்த தூரிகையால் மணலுக்குள் இழுத்துக் கரையுங்கள். அந்த ஓர் இடம் கரைந்தாலே பாட்டி மண்ணில் கால் ஊன்றிவிடுவார்.

தம்பதி வேண்டுமா என்றும் யோசியுங்கள். ஃபிரீட்ரிக் 1808 முதல் 1810 வரை தீட்டிய ‘கடலோரத் துறவி’யில் முதலில் கப்பல்கள் இருந்ததை அகச்சிவப்பு ஆய்வு காட்டியது. அவற்றை அவர் நீக்கிவிட்டார். அந்தப் படத்தின் தனிமைக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

பதில்: கிள்ளான் ஓவியர்

தங்கச்சி, பிசுபிசுப்பு போகும்வரை பொறுங்கள். எண்ணெய் வண்ணம் நீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. டைட்டானியம் வெள்ளை மெதுவாகவே காயும், அம்பர் விரைவில் காயும். காயாத வானத்தின்மேல் விரைவில் காயும் வண்ணத்தைப் பூசினால் பின்னாளில் வெடிக்கும். காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள அறையில் வையுங்கள். இருட்டில் பூட்டினால் எண்ணெய் மஞ்சளிக்கும். மேலடுக்கில் எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும்.

பந்திங் மாணவி

நன்றி ஐயா, நன்றி அண்ணா. மணலில் நின்றுதான் பார்த்தேன். தம்பதியை எடுத்துவிடுகிறேன். பாட்டி என்னைவிடக் குட்டை. அவர் தலை எங்கே வர வேண்டும்?

ஓவிய ஆசிரியர், தெலுக் இந்தான்

உங்கள் கண்மட்டம் 150 செ.மீ., பாட்டியின் உயரம் 135 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவர் பாதத்திலிருந்து அடிவானம்வரை பத்துச் சம பங்காகப் பிரியுங்கள். ஒன்பதாம் பங்கின் முடிவில் உச்சந்தலை. பேரப்பிள்ளைகளுக்கும் அவரவர் உயரத்தை வைத்து இதே கணக்குதான்.