ஈசூனிலிருந்து காலாங் இண்டோர் ஸ்டேடியம்: எம்ஆர்டி ரயிலில் போய்விடலாம், இரவு திரும்புவது எப்படி?

கவி_ஈசூன்

வணக்கம். சனிக்கிழமை மாலை 7.30 மணிக்கு சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியத்தில் இசை நிகழ்ச்சி. முடிய இரவு 10.30 ஆகிவிடும் என்கிறார்கள். நான், கணவர், 6 வயது மகன், மாமியார் என நாலு பேர். மாமியாருக்கு 71 வயது. முட்டிவலி இருக்கிறது; நடப்பார், ஆனால் மெதுவாக. படி ஏறுவது சிரமம். சொந்தக் கார் இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் வாடகை வண்டிக் கட்டணம் எகிறிவிடும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

போகும்போது எங்கே மாறுவது, எந்த நிலையத்தில் இறங்குவது? திரும்பும்போது ஸ்டேடியம் நிலையத்தில் கூட்டம் நெரியுமாமே, காலாங் நிலையத்துக்கு நடந்துபோனால் நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தடம்_காட்டி

போவது எளிது. ஈசூனில் வடக்கு-தெற்குப் பாதையில் ஏறி பீஷானில் இறங்குங்கள். கத்திப், இயோ சூ காங், அங் மோ கியோ, அடுத்தது பீஷான், நாலாவது நிலையம். அங்கே வட்டப் பாதைக்கு மாற வேண்டும். வட்டப் பாதை நடைமேடை நிலத்தடியில் இருக்கிறது. மின்தூக்கி உண்டு, அம்பைப் பார்த்துப் போனால் போதும்.

கீழே இறங்கியதும் எந்தப் பக்கம் ஏறுவது என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள். 'அடுத்த நிலையம் லோரோங் சுவான்' என்று போட்டிருக்கும் பக்கம் ஏறுங்கள். மேரிமவுண்ட் என்று இருந்தால் அது எதிர்த் திசை. லோரோங் சுவான், சிராங்கூன், பார்ட்லி, தை செங், மெக்பர்சன், பாய லேபார், டகோட்டா, மவுண்ட்பேட்டன், ஒன்பதாவதாக ஸ்டேடியம். காத்திருப்பும் மாறுவதும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாமியாரின் நடைக்கும் வாசலில் பை சோதனைக்கும் இன்னொரு அரை மணி நேரம். ஆறு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு உள்ளே போவதென்றால் இன்னும் முன்னதாக.

ஸ்டேடியம் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பெரிய குவிமாடம் கண்ணில் படும். அது தேசிய விளையாட்டரங்கம். 55,000 பேர் கொள்ளும், 2014இல் திறந்தது. நீங்கள் போக வேண்டியது அதுவல்ல. இண்டோர் ஸ்டேடியம் 1989இல் திறந்த தனிக் கட்டடம், நீர்க்கரைப் பக்கம் இருக்கிறது. நிலையத்திலிருந்து சாதாரண நடையில் ஐந்து நிமிடம், மாமியாரோடு பத்து. நிலையத்துக்குள்ளேயே பலகையில் இரண்டு பெயரும் தனித்தனியாக இருக்கும். கட்டண வாயிலைத் தாண்டும் முன்பே பார்த்துவிடுங்கள். கூட்டம் போகும் திசையிலேயே நடந்து, குவிமாடத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் நிறைய. அதைச் சுற்றியுள்ள நடைபாதை ஒரு சுற்று ஏறக்குறைய 900 மீட்டர். முட்டிவலிக்காரருக்கு அது வீண் தண்டனை.

தேசிய விளையாட்டரங்குக்குப் போகிறவர்களுக்கும் இதே 900 மீட்டர் கணக்கு உதவும். நுழைவுச்சீட்டில் உள்ள வாசல் எண்ணைப் பார்த்து, அது எந்தப் பக்கம் கிட்டத்தில் வரும் என்று தெரிந்துகொண்டு நடங்கள்.

இனி திரும்பும் கதை. வட்டப் பாதை ரயிலுக்கு மூன்றே பெட்டி. காலாங் நிலையம் இருக்கும் கிழக்கு-மேற்குப் பாதைக்கு ஆறு பெட்டி. நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்டேடியம் நிலையத்தில் வரிசை நீளக் காரணம் இதுதான். ரயில் வராமல் இல்லை. வருகிற ரயிலில் இடம் கொஞ்சம். நடைமேடை நிரம்பிவிடாமல் இருக்க, ஊழியர்கள் மேலேயே நிறுத்தி அணி அணியாக உள்ளே விடுவார்கள். அதனால்தான் கால் நல்லாயிருப்பவர்கள் காலாங் நிலையத்துக்கு நடக்கிறார்கள்.

உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். இண்டோர் ஸ்டேடியத்திலிருந்து காலாங் நிலையம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். நிக்கல் ஹைவேயைக் கடந்து, பழைய காலாங் விமான நிலையக் கட்டடம் இருக்கும் பக்கமாகப் போக வேண்டும். மற்றவர்களுக்கு 15 முதல் 20 நிமிடம், மாமியாருக்கு அரை மணிக்கு மேல் ஆகும், அதுவும் இரவில் கூட்டத்தோடு. போய்ச் சேர்ந்தாலும் லவெண்டர், பூகிஸ் தாண்டி சிட்டி ஹாலில் மாறி, அங்கிருந்து ஈசூனுக்குப் பன்னிரண்டு நிலையம். ஸ்டேடியத்திலேயே ஏறினால் பீஷானில் மாறி நாலு நிலையம்தான்.

ஆகவே காத்திருங்கள். பாட்டு முடிந்ததும் எழுந்து ஓடாமல் இருக்கையிலேயே பத்து நிமிடம் உட்காருங்கள், கழிவறை வேலையை முடியுங்கள், பிறகு காலாங் வேவ் கடைத்தொகுதிப் பக்கம் உட்கார இடம் பார்த்து மாமியாரை அமர வையுங்கள். கணவர் மட்டும் போய் வரிசையைப் பார்த்துவிட்டு வரலாம். கூட்டம் வடிகிற வேகம் பார்த்தாலே தெரியும்.

பாயலேபார்வாசி

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காத்திருப்பதற்கு ஓர் எல்லை வேண்டும். ஸ்டேடியத்திலிருந்து கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்தால் போதாது. பீஷானிலிருந்து ஈசூன் போகும் கடைசி ரயில் எப்போது என்பதுதான் முக்கியம். நள்ளிரவு நெருங்கும்போது வடக்கு நோக்கி வரும் சில ரயில்கள் அங் மோ கியோவோடு நின்றுவிடும். ஏறும் முன் நடைமேடைப் பலகையில் சேருமிடத்தைப் படியுங்கள். போகும்போதே பீஷானில் ஒட்டியிருக்கும் கடைசி ரயில் அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து முக்கால் மணி நேரம் பின்னோக்கிக் கணக்கிட்டால், ஸ்டேடியம் நிலையத்து வரிசையில் நீங்கள் எப்போது நிற்க வேண்டும் என்பது கிடைத்துவிடும்.

இன்னொன்று, வார இறுதிகளில் பராமரிப்புக்காகச் சில பாதைகளைச் சீக்கிரம் மூடுவார்கள், அல்லது தாமதமாகத் திறப்பார்கள். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நடப்பவர்களுக்கு ஒரு தகவல். மவுண்ட்பேட்டன் நிலையத்துக்கு நடந்தால் கூட்டமில்லாமல் ஏறலாம் என்று சிலர் சொல்வார்கள். நகரப் பக்கம், அதாவது புரோமனாட் திசையில் போகிறவர்களுக்கு அது உண்மை. அந்த ரயில் மவுண்ட்பேட்டனுக்கு வந்துவிட்டுத்தான் ஸ்டேடியத்துக்குப் போகும், காலியாக இருக்கும்போதே ஏறிவிடலாம். பீஷான் திசைக்கு அது அப்படியே தலைகீழ். ஸ்டேடியத்தில் நிரம்பிய ரயில்தான் மவுண்ட்பேட்டனுக்கு வரும். கவி, உங்களுக்கு அங்கே நடப்பதில் ஒரு பயனும் இல்லை.

நகரப் பக்கம் போகிறவர்கள் ரயிலின் சேருமிடத்தையும் பார்க்க வேண்டும். புரோமனாட்டுக்கு அப்பால் தடம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எஸ்பிளனேட் வழியாக தோபி காட், மற்றது பேஃபிரண்ட் வழியாக மரினா பே.

கவி_ஈசூன்

மிக்க நன்றி இருவருக்கும். மவுண்ட்பேட்டன் விஷயம் யாரும் சொன்னதில்லை. மகனுக்குப் பயண அட்டை வேண்டுமா? இதுவரை பேருந்தில் தூக்கிக்கொண்டே போய்விடுவோம். நாலு பேருக்கும் என் வங்கி அட்டை ஒன்றையே தட்டலாமா?

தடம்_காட்டி

முடியாது. ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. கைப்பேசியும் அதே வங்கியின் பிளாஸ்டிக் அட்டையும் வாயிலுக்கு வேறு வேறு அட்டைகள்தான். உள்ளே போகும்போது கைப்பேசியைத் தட்டி, வெளியே வரும்போது அட்டையைத் தட்டினால் பயணம் முடியாமல் தொங்கும், கட்டணமும் தவறாகப் பிடிக்கும். எதைத் தட்டி நுழைந்தீர்களோ அதையே தட்டி வெளியேறுங்கள். பணப்பையை அப்படியே வாயிலில் வைக்காமல் அட்டையை வெளியே எடுத்துத் தட்டுவது நல்லது. உள்ளே இரண்டு அட்டை இருந்தால் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது.

7 வயதுக்குக் கீழே இருந்தால் பயணம் இலவசம். ஆனால் உயரம் 0.9 மீட்டரைத் தாண்டியிருந்தால் குழந்தைக்கான சலுகை அட்டை வேண்டும். 6 வயதுப் பையன் நிச்சயம் தாண்டியிருப்பான். இன்னும் எடுக்கவில்லையென்றால் சனிக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள். மாமியாரிடம் மூத்தோர் சலுகை அட்டை இருந்தால் அதையே தட்டச் சொல்லுங்கள். வங்கி அட்டையைத் தட்டினால் முழுக் கட்டணம் போய்விடும். அவரை ஓரத்தில் இருக்கும் அகலமான வாயில் வழியாக அழைத்துப் போங்கள், பின்னால் வருபவர்கள் நெருக்கமாட்டார்கள்.

துணைக்கரம்

மாமியார் விஷயமாக மட்டும். திரும்பும்போது ஸ்டேடியம் நிலைய மின்தூக்கிக்கும் தனி வரிசை நிற்கும். மின்படியில் கூட்டத்தோடு இறக்காதீர்கள். முன்னால் ஒருவர் சட்டென்று நின்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் தடுமாறுவார். வரிசையை ஒழுங்குபடுத்தும் ஊழியரிடம் 'படி இறங்க முடியாதவர்' என்று தயங்காமல் சொல்லுங்கள், மின்தூக்கிப் பக்கம் வழிகாட்டுவார்கள். நீண்ட நேரம் நிற்க முடியாது என்று தோன்றினால் சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது. நிலையங்களில் நாற்காலி போக வழி இருக்கிறது, ரயிலிலும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் நாற்காலியோடு வருவதை அரங்கத்தாரிடம் முன்பே சொல்லி, இருக்கை எங்கே என்று கேட்டுவையுங்கள். நாற்காலிக்கான இடங்கள் தனி.

தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுபோங்கள், ஆனால் ரயிலுக்குள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். சாப்பிட்டாலும் குடித்தாலும் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

கடலோரம்

கிழக்குக் கடலோரப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் தஞ்சோங் ரூ நிலையம் 2024 ஜூனில் திறந்துவிட்டது. மரின் பரேட்டில் ஏறினால் மூன்றாவது நிலையம். அங்கிருந்து ஆற்றைக் கடந்து இண்டோர் ஸ்டேடியத்துக்கு நடக்கலாம். 15 நிமிடத்துக்குமேல் ஆகும், மழை வந்தால் நனைவீர்கள். இந்தப் பாதை ரயில்களுக்கு நாலு பெட்டி, ஸ்டேடியம் நிலையத்து நெரிசல் இங்கே தெரியாது. தெம்பனிஸ், பிடோக் ஆட்கள் பாய லேபாரில் மாறினால் மூன்றே நிலையம். பொங்கோல், செங்காங் பக்கம் இருப்பவர்களுக்கு சிராங்கூன். திரும்பும்போது நடக்கத் தெம்பிருந்தால் கிழக்கே போகிறவர்கள்தான் காலாங் நிலையத்தை முதலில் யோசிக்க வேண்டும். மாறாமல் நேரே வீடு போய்ச் சேரலாம்.

கவி_ஈசூன்

மகனின் அட்டைக்கு நாளைக்கே போகிறேன். அரங்கத்தாரிடம் சக்கர நாற்காலி இருக்கை பற்றியும் கேட்டுவிடுகிறேன். பீஷானில் மின்தூக்கி இரண்டு முறை மாற வேண்டியிருக்குமா?

பாயலேபார்வாசி

ஆம், அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மின்தூக்கி எல்லாத் தளத்துக்கும் போகாது. ஒன்றில் இறங்கிக் கொஞ்சம் நடந்து அடுத்ததில் ஏற வேண்டும். மாறுவதற்கு மட்டும் பத்து நிமிடம் கணக்கில் சேருங்கள். இரவு கடைசி ரயிலுக்கான கணக்கிலும் இந்தப் பத்தைச் சேர்க்க மறக்காதீர்கள்.