பலாலி – சென்னை: 355 கிலோமீற்றருக்கு ஏன் இவ்வளவு நேரம்?

மானிப்பாய் வாசுகி:
அம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குக் கூட்டிப் போகிறேன். ரொரன்ரோவில் இருக்கும் தம்பி, “355 கிலோமீற்றர்தான் அக்கா, விமானம் மணிக்கு 850 போகும், 25 நிமிடத்தில் இறங்கிவிடுவீர்கள்” என்கிறான். டிக்கெட்டிலோ புறப்படுவதற்கும் சேர்வதற்கும் இடையில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் நேர வித்தியாசம் ஏதும் உண்டா? அம்மாவுக்கு இன்சுலின் போடும் வேளையை நான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சுன்னாகம் கணக்கு வாத்தியார்:
பிள்ளை, டிக்கெட்டை நம்பும். நேர வித்தியாசம் இல்லை. 2006இலிருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே மணிதான். தம்பி சொன்ன தூரமும் சரி. விமானத்தைத்தான் மாற்றி நினைத்துவிட்டார். பலாலி ஓடுபாதையில் பெரிய ஜெட் இறங்க நீளம் போதாது. வருவது ஏரீஆர் 72, இரண்டு விசிறி வைத்த விமானம், மணிக்கு 500 அளவில்தான் போகும். அதற்கே 43 நிமிடம் ஆயிற்றா? அதுவும் ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்குக் கயிறு பிடித்த நேர்கோட்டில். ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். சென்னை வானத்தில் நெரிசல் என்றால் சுற்றவும் விடுவார்கள். டிக்கெட்டில் உள்ளது சக்கரம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரையான நேரம். தாமதத்துக்கும் கொஞ்சம் சேர்த்தே போட்டிருப்பார்கள்.

இதற்கே அலுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கும் முன்னர் தெற்கே 350 கிலோமீற்றருக்கு மேல் இரவிரவாக பஸ்ஸில் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய், அங்கிருந்து 645 கிலோமீற்றர் திரும்பி வடக்கே பறந்தோம். வேடிக்கை என்னவென்றால், 1947இல் இலங்கையின் எயார் சிலோன் விமான நிறுவனத்தின் முதற் சேவையே கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இதே பலாலிதான்) வழியாக மதராசுக்குத்தான்!

திருநெல்வேலி சேலைக்கடை:
வாத்தியார் பறக்கும் நேரத்தை மட்டும் சொல்கிறார். அக்கா, நீங்கள் வீட்டுப் படலையிலிருந்து எண்ணுங்கள். சர்வதேசப் பயணம் என்பதால் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே பலாலியில் நிற்க வேண்டும். சென்னையில் குடிவரவு வரிசையும் பொதியும் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம் வையுங்கள். இன்சுலினைக் கைப்பையிலேயே, மருத்துவர் துண்டுடன் கொண்டுபோங்கள். இன்னொன்று: விமானத்தடிக்கு நடந்து போய், வால் பக்கத்துக் கதவால் படி ஏற வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் இருந்தால் சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் மாமி கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறினார். பின்னால் நின்றவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மானிப்பாய் வாசுகி:
நன்றி. முழங்காலும் உண்டுதான். திருச்சி கிட்ட என்கிறார்களே, அங்கே போனால் பாதி நேரத்தில் முடியுமா?

சுன்னாகம் கணக்கு வாத்தியார்:
தூரம் பாதி, ஏறக்குறைய 185 கிலோமீற்றர். ஆனால் அதற்கும் ஒரு மணி நேரமளவு போட்டிருக்கிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், ஏறி இறங்குவதும் கிட்டப் போனாலும் தூரப் போனாலும் அதே அளவுதான். திருச்சியிலிருந்து சென்னைக்கு மறுபடி 300 கிலோமீற்றருக்கு மேல் ரயிலோ பஸ்ஸோ எடுக்க வேண்டும். வைத்தியசாலை சென்னையில் என்றால் அந்த யோசனையே வேண்டாம்.

திருநெல்வேலி சேலைக்கடை:
போகும்போது இடப்பக்க யன்னலைக் கேளுங்கள். வானம் வெளித்திருந்தால் நாகப்பட்டினக் கரை தெரியும்.